மூடிய சேப்பலை வீடாக்குவது: வேல்ஸில் நான் கற்றுக்கொண்ட வரிசை

வேல்ஸில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மூடிக் கிடக்கிற சேப்பல், அதாவது ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் ஜெபக்கூடம், ஒன்றாவது கண்ணில் படும். முகப்பில் பெத்தேல், சீயோன், எபெனேசர், சாலேம், எப்ரோன் என்று ஏதாவது ஒரு பெயர். தமிழ் பைபிள் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர்களைப் பார்த்தால் ஏதோ நாசரேத், பாளையங்கோட்டைப் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். பெயருக்குக் கீழே இன்ன வருடம் கட்டியது, இன்ன வருடம் இடித்துப் பெரிதாகக் கட்டியது என்று ஒரு கல். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், இண்டிபெண்டன்ட் சபையார் சுரங்கத் தொழிலாளிகளிடமும் குத்தகை விவசாயிகளிடமும் காசு சேர்த்துக் கட்டியவை. 1904-05இல் இவான் ராபர்ட்ஸ் என்ற பிரசங்கியார் காலத்துச் சமய எழுப்புதலில் உட்கார இடமில்லாமல் நிரம்பி வழிந்தவை. இன்று ஞாயிறு காலையில் ஐந்தாறு முதியவர்கள் வந்தால் அதிகம், அவர்களும் போனபின் கட்டடம் ஏலத்துக்கு வருகிறது.

நானும் மனைவியும் அப்படி ஒன்றை வாங்கி வீடாக்கினோம். தவறுகளும் செய்தோம், அவற்றில் பாதி வேலையை முன்பின்னாகச் செய்ததால் வந்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் அழகான சமையலறைப் படங்களை எதிர்பார்க்காதீர்கள். எதை எதற்கு முன்னால் செய்யவேண்டும் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். ஒரே வரியில் கேட்டால்: தண்ணீரை வெளியேற்று, கட்டடம் காயும்வரை பொறு, அப்புறம் அறைகளைப் பற்றி யோசி.

சர்ச்சா, சேப்பலா?

வாங்கும் முன்பே முடிவு செய்யவேண்டியது இது. கோபுரம், மணி, வண்ணக் கண்ணாடி எல்லாம் உள்ள ஆங்கிலிக்கன் சர்ச் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் அது அர்ப்பணம் செய்யப்பட்ட இடம், அதற்கான சட்டச் சிக்கல்கள் தனி. சுற்றிலும் கல்லறைகள் இருக்கும். கூரை உள்ளிருந்தே தெரியும்படி திறந்திருப்பதால் குளிருக்குத் தடுப்பு போடுவது பெரிய தலைவலி. சேப்பல் எளிமையானது: நீள்சதுர மண்டபம், மூன்று பக்கமும் வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் கேலரி (மாடி இருக்கைகள்), சாதாரணக் கண்ணாடி போட்ட உயரமான ஜன்னல்கள், மேலே தட்டையான சுண்ணாம்பு சீலிங், அதற்கு மேல் பரண். பின்னால் ஞாயிறு பள்ளி நடந்த வெஸ்ட்ரி ஒட்டியிருக்கும், சிலவற்றில் சேப்பலைக் கவனிக்கும் காவலர் குடும்பத்துக்கான சிறு வீடும் உண்டு. குடியிருக்க நினைக்கிறவருக்கு அந்தத் தட்டை சீலிங்கும் வெஸ்ட்ரியும்தான் பெரிய வரம். நான் சேப்பல் கட்சி.

பத்திரம், அனுமதி, கல்லறை

விற்பவர்கள் பெரும்பாலும் சபையின் டிரஸ்டிகள். அந்த டிரஸ்டிகளில் பாதிப்பேர் காலமாகியிருப்பார்கள், பத்திரங்கள் யாரோ ஒரு மூப்பரின் அலமாரியில் இருக்கும், நிலம் அரசுப் பதிவேட்டில் ஏறியே இருக்காது. 999 வருடக் குத்தகை என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். விற்பனைப் பத்திரத்தில் 'இங்கே மது விற்கக்கூடாது, சூதாட்டம் கூடாது' என்ற நிபந்தனை இருக்கலாம். வீட்டுக்கு அதனால் நஷ்டமில்லை, ஆனால் பின்னால் விருந்தினர் விடுதி நடத்தும் ஆசை இருந்தால் வரிக்கு வரி படியுங்கள். வழிபாட்டு இடத்தை வீடாக மாற்ற முழுப் பிளானிங் அனுமதி வேண்டும். அது கிடைக்கும் முன் வாங்குவது சூதாட்டம். முடிந்தால் 'அனுமதி கிடைத்தால்தான் வாங்குவேன்' என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடுங்கள், ஏலத்தில் அது நடக்காது.

கட்டடம் லிஸ்டட், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளதா என்று காடூ அமைப்பின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். வேல்ஸின் பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசுத் துறை அது. மூன்று நிலைகள்: 1, 2 நட்சத்திரம், 2. கடைசி நிலை என்றால் பேசிப்பார்க்கலாம். மேல் இரண்டு என்றால் உள்ளே ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவதே போராட்டம். வழிபாடு நடந்தவரை சில சபைகளுக்கு இந்த அனுமதி விஷயத்தில் விலக்கு இருந்தது, அவர்கள் கேட்காமலே செய்துகொண்ட மாற்றங்களை நீங்களும் பார்ப்பீர்கள். 'அவர்கள் செய்தார்களே' என்று நீங்கள் செய்ய முடியாது. கதவு மூடிய நாளோடு அந்த விலக்கு போய்விட்டது. லிஸ்டட் கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது வெறும் அபராத விஷயம் அல்ல, குற்றவியல் குற்றம். பெஞ்சுகளைப் பிடுங்கி விற்பதும் இதில் சேரும், அவை தரையோடு பொருத்தப்பட்டவை.

கல்லறைகள் இருந்தால் அந்த நிலம் உங்களுக்கு வருகிறதா, சபையிடமே இருக்கிறதா, உறவினர்கள் வந்துபோகும் வழி எது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கேளுங்கள். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகும் என்பதை இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். பல சேப்பல்களில் கழிப்பறையே கிடையாது, வெஸ்ட்ரியில் டீ போட ஒரு குழாய் இருக்கும், அவ்வளவுதான். புதைத்த இடத்தைத் தோண்டிக் குழாய் பதிக்க முடியாது.

வௌவாலின் காலண்டர்

இது சிரிப்பதற்கான தலைப்பு இல்லை. எங்கள் முதல் வருடத் திட்டத்தையே முடிவு செய்தவை பரணில் தொங்கிய வௌவால்கள்தான். எல்லா வௌவால் இனங்களுக்கும் இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, அவை இல்லாத நேரத்தில்கூட அவை தங்கும் இடத்தைக் கெடுக்கக்கூடாது. சேப்பல் பரண் அவற்றுக்குப் பிடித்தமான இடம், ஐரோப்பாவின் பல இடங்களில் அரிதாகிவிட்ட சிறிய லாட வௌவால் வேல்ஸில் இன்னும் நன்றாகவே இருக்கிறது. மாலையில் அவை வெளியே பறப்பதை எண்ணும் சர்வே மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். நீங்கள் அக்டோபரில் சாவி வாங்கினால் அடுத்த மே வரை கூரையில் கைவைக்க முடியாமல் போகலாம். வௌவால் இருப்பது உறுதியானால் இயற்கை வளத் துறையிடம் உரிமம் வாங்கி, குட்டி போடும் கோடையையும் உறங்கும் குளிர்காலத்தையும் விட்டு நடுவில் வேலை செய்யவேண்டும். ஆகவே வாங்கும் முன்பே ஒரு நிபுணரைப் பரணில் ஏற்றிவிடுங்கள். எங்கள் வடக்கு மூலையில் அவற்றுக்கென ஒரு கைப்பிடி அகலச் சந்து விட்டிருக்கிறோம். வாடகை தராத குடித்தனக்காரர்கள், ஆனால் சத்தமில்லை.

முதல் வேலை: தண்ணீர்

சரி, சாவி கையில் வந்துவிட்டது. உள்ளே போய் அறை பிரிக்க டேப் பிடிக்காதீர்கள். நல்ல மழை நாளில் குடையோடு வெளியே நின்று ஒரு மணி நேரம் கட்டடத்தைப் பாருங்கள். கூரையோர மழைநீர் வடிகாலில் எது வழிகிறது, எந்த இறக்குக்குழாய் வெடித்திருக்கிறது, சுவரடியில் எங்கே குளம் கட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சுவருக்குள் 'ஈரம் ஏறுகிறது' என்று ஒரு சர்வேயர் எழுதிக்கொடுத்து, சுற்றிலும் துளை போட்டு ரசாயனம் செலுத்தச் சொன்னார். மரத்துக்கென்று செய்த ஈரமானியைக் கல்லில் குத்தினால் உப்பு இருந்தாலே அது அலறும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உண்மையான காரணம் ஜாக்டா என்ற சின்னக் காக்கையின் கூடு அடைத்த ஒரு வார்ப்பிரும்புக் குழாய். வாளி வாளியாகக் குச்சி எடுத்தேன். செலவு ஒரு ஏணி வாடகை.

இரண்டாவது எதிரி சிமெண்ட். இந்தச் சுவர்கள் சுமார் 60 சென்டிமீட்டர் தடிமனான கல், நடுவில் சில்லும் மண்ணும், இணைப்புக்குச் சுண்ணாம்பு. மழை உள்ளே போகும், காற்று அடித்தால் அதே வழியில் வெளியேறும், 150 வருடம் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. போன நூற்றாண்டில் யாரோ நல்லெண்ணத்தில் மேற்குச் சுவருக்குச் சிமெண்ட் பூசினார்கள், முடியிழை விரிசல் வழியாக மழை உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. பழுதானது கட்டடம் பழையது என்பதால் அல்ல, பழுதுபார்த்ததால். ஆகவே சிமெண்ட் பூச்சை உரிக்க வேண்டும், லிஸ்டட் என்றால் அதற்கும் கேட்க வேண்டும். கல்லோடு இறுகப் பிடித்த இடத்தில் வெறித்தனமாக உளி வைத்தால் கல்லின் முகமே பெயர்ந்து வரும், அங்கே விட்டுவிடுங்கள்.

சுவரடியில் மண் உயர்ந்திருந்தால் அதையும் இறக்குங்கள். சேப்பலின் மரத்தரை ஆகாயத்தில் நிற்பது போல, அடியில் காற்றோட்டத்தை நம்பி நிற்கிறது. காற்றுத் துளைகளை யாராவது கான்கிரீட் நடைபாதை போட்டு மூடியிருந்தால் தரையடி உத்தரங்கள் ஊறி, டிரை ராட் என்று தச்சர்கள் சொல்லும் காளான் பிடித்திருக்கும். செங்கல்பொடி தூவிய மாதிரி பெஞ்சுகளின் மேல் சிவந்த தூசு படிந்திருந்தால் அதுதான். அழுகியதை வெட்டி எடுத்து, ஈரத்தை நிறுத்தி, காற்று விட்டால் அது அடங்கும். மருந்தடிப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

கூரை

கூரையில் வேயும் கற்பலகையான வேல்ஸ் ஸ்லேட்டுக்கு ஆயுள் கெட்டி, செத்துப்போவது ஆணிதான். இரும்பு ஆணி துருப்பிடித்துத் தலை உதிர, நல்ல ஸ்லேட் ஒவ்வொன்றாக வழுக்கி விழும். கழற்றும்போது ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே கணக்கு. கணீரென்றால் திரும்பக் கூரைக்கு, மொத்தென்றால் ஒதுக்கி வையுங்கள். நல்லவற்றைச் செம்பு ஆணியில் மறுபடி ஏற்றலாம், குறைவதற்கு அதே குவாரி நிறத்தில் பழைய ஸ்லேட் தேடுங்கள். பென்ரின் குவாரியின் ஊதாவும் பிளெனாய் ஃபெஸ்டினியோக்கின் நீலச் சாம்பலும் அடுத்தடுத்து வைத்தால் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி தெரியும்.

சாரம் கட்டும் செலவு உங்களை அதிர வைக்கும். அதனால் சாரம் நிற்கும்போதே கூரை, மழைநீர் வடிகால், புகைபோக்கி, உயரத்து ஜன்னல், மேல்சுவர்ப் பூச்சு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். நாங்கள் ஜன்னலை மறந்து, இரண்டாம் முறை சாரம் கட்டினோம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல குளியலறை வந்திருக்கும்.

கூரை திறந்திருக்கும்போது மேலிருந்து சீலிங்கைப் பார்ப்பது அவசியம். மெல்லிய மரப்பட்டிகளுக்கு இடையே பிதுங்கி மேலே கொக்கி போட்ட சுண்ணாம்புதான் அந்த சீலிங்கைத் தாங்குகிறது. கொக்கிகள் உடைந்த இடத்தில் கீழே எந்த அடையாளமும் இல்லாமல் நடுவிலுள்ள பெரிய பூவேலையே தலையில் விழலாம். சீலிங் திடமாக இருந்தால் மேலே ஆட்டுரோமத் தடுப்பு தடிமனாக விரியுங்கள், ஓரங்களில் காற்று போகும் இடைவெளியை அடைக்காதீர்கள். மொத்தத்தில் குறைந்த காசுக்கு அதிகச் சூடு மிஞ்சுவது இங்கேதான்.

சுண்ணாம்பும் பொறுமையும்

நம்மூர்ப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை ஞாபகமிருக்கிறதா, அதன் தம்பிதான் இங்கேயும். கடுக்காயும் வெல்லமும் கிடையாது, மணலும் சுண்ணாம்பும் மட்டும். இங்கே வெயிலுக்குப் பதில் குளிர்தான் எதிரி. 5 டிகிரிக்குக் கீழே பூசக்கூடாது, பூசியபின் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். எனவே வெளிப்பூச்சு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்பை அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது சுரண்டி, தண்ணீர் தெளித்து, பிதுங்கப் பிதுங்க அடைத்து, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, கொஞ்சம் இறுகியதும் கெட்டிமுடி பிரஷ்ஷால் குத்தவேண்டும். ஈர மணல் வாசனையோடு அந்தக் குத்துகிற சத்தம் கேட்கும் மதியங்கள்தான் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்தவை.

அப்புறம் காத்திருங்கள். நனைந்த கல்சுவர் காய்வதற்குப் பழைய கணக்கு மாதம் ஓர் அங்குலம். 60 சென்டிமீட்டர் என்றால் இரண்டு வருடம்! கூரை மூடி, ஜன்னல் திறந்து, ஒரு முழுக் குளிர்காலமாவது விடாமல் உள்பக்கம் பூசாதீர்கள். ஜிப்சம் பலகை, பிளாஸ்டிக் பெயிண்ட் இரண்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே சுவருக்குத் தடுப்பு வேண்டுமென்றால் மரநார்ப் பலகையோ சணல்தட்டை கலந்த சுண்ணாம்போ போதும், அவை ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும். இந்தக் காலத்தில் எங்கே தங்குவது என்றால் வெஸ்ட்ரியில். அதை முதலில் சீர்செய்து குடியேறிவிடுங்கள். மண்டபத்தில் எந்நேரம் எந்த ஜன்னலில் வெயில் வருகிறது என்பது அங்கே வாழ்ந்தால்தான் தெரியும். எங்கள் முதல் வரைபடத்தில் சமையலறை வடக்கு மூலையில் இருந்தது, ஒரு டிசம்பர் போதும், அதைக் கிழித்துப்போட்டோம்.

அறைகள்

பெரும்பாலானவர்கள் செய்கிற ஒரே தவறு: மண்டபத்தின் குறுக்கே ஒரு தளம் போட்டு, உயர ஜன்னலை இடுப்பில் வெட்டுவது. கீழ் அறைக்குப் பாதி ஜன்னல், மேல் அறைக்கு முழங்கால் உயரத்தில் மீதி, வெளியிலிருந்து பார்த்தால் தளத்தின் விளிம்பு கண்ணாடியில் கோடு போடும். அனுமதி அதிகாரியும் ஒப்பமாட்டார். கேலரி ஏற்கெனவே இருக்கிறதே, அதன் அடியில் படுக்கையறைகள், குளியலறை, மேலே படிக்கும் இடம், நடு மண்டபம் முழு உயரத்தில் அப்படியே. புதிதாக ஏதாவது கட்டினால் மரச்சட்டத்தில் தனியாக நிற்கும் பெட்டி போலக் கட்டுங்கள், பழைய சுவரில் துளை போடாமல். பின்னால் யாராவது கழற்ற நினைத்தால் கழற்றலாம்.

சூடாக்கும் செலவைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இதன் நியாயம் புரியும். 12 மீட்டர் நீளம், 9 அகலம், 7 உயரம் என்றால் 756 கன மீட்டர். 80 சதுர மீட்டர் சாதாரண வீட்டில் 190 சொச்சம்தான். நான்கு வீட்டுக் காற்றைச் சூடாக்கி சீலிங்கில் தங்கவைப்பதைவிட, கேலரி அடியிலும் வெஸ்ட்ரியிலும் நன்றாகச் சூடு வைத்து, மண்டபத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது நல்லது.

விதிகளில் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்வீர்கள். கேலரியின் பழைய கைப்பிடிச்சுவர் உட்கார்ந்திருந்தவர்கள் பிரசங்கியாரைப் பார்க்கக் கட்டியது, தாழ்வானது. வீட்டுக்குள் விளிம்புத் தடுப்பு 90 சென்டிமீட்டராவது வேண்டும், நாங்கள் மேலே மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைச் சேர்த்தோம். அடுத்தது தீ. வேல்ஸில் 2016 ஜனவரி முதல் புது வீடானாலும் மாற்றி அமைத்த வீடானாலும் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் கட்டாயம். இங்கிலாந்து அனுபவத்தை வைத்து எழுதிய குறிப்புகளில் இது இருக்காது. கிராமத்துக் குழாயில் அழுத்தம் போதாது, ஆகவே தனியாகத் தொட்டியும் பம்பும் வேண்டும், அவற்றுக்கு இடமும் வேண்டும்.

எங்களுக்கு அந்த இடம் கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரசங்க பீடத்துக்கு முன்னால் மூப்பர்கள் உட்காரும் 'சேட் வவுர்', அதாவது பெரிய இருக்கை, அரைவட்டமாக இருந்தது. அதன் தரைப்பலகைகள் மட்டும் ஆணியடிக்காமல் கிடந்தன, மிதித்தால் வேறு சத்தம். தச்சர் இரண்டைத் தூக்கினார். கீழே ஸ்லேட் படிகள் இறங்கின, சுண்ணாம்பு பூசிய ஒரு தொட்டி, அடியில் ஈயக் குழாய், மூலையில் ஒரு குழந்தையின் செருப்பு. பாப்டிஸ்ட் சேப்பல் ஆயிற்றே, முழுக்கு ஞானஸ்நானத் தொட்டி. சபையார் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். அனுமதி அதிகாரி நேரில் வந்து பார்த்தார். சுவரில் எதையும் பொருத்தாமல், பலகைகள் பழையபடி மேலே வரும்படி, தெளிப்பான் தொட்டியை உள்ளே இறக்கிவைக்க ஒப்புக்கொண்டார். செருப்பைத் திரும்ப அதே மூலையில் வைத்தோம்.

ஜன்னல்கள், சுருக்கமாக

மாற்றாதீர்கள், சீர்செய்யுங்கள். கல்லில் பதித்த இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளக்கும், அவற்றின் முனையை வெட்டித் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினால் போதும். குளிருக்கு உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வையுங்கள். திறக்கும் சிறு பகுதிகளைப் பெயிண்டில் ஒட்டவிடாதீர்கள்.

கடைசியில் பணம் திரும்ப வரும் வழி

வீடாக இல்லாத கட்டடத்தை வீடாக மாற்றினால் வேலைக்கு ஒப்பந்தக்காரர் போடவேண்டிய வாட் வரி 20 அல்ல, 5 சதவீதம். வேலை முடிந்ததும் அந்த 5ஐயும், நீங்களே வாங்கிய பொருட்களுக்குக் கொடுத்த 20ஐயும் சொந்தமாக வீடு கட்டுவோருக்கான திட்டத்தில் அரசிடம் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தக்காரர் தெரியாமல் 20 போட்டுவிட்டால் மிச்ச 15ஐ அரசு தராது, அவரிடமே போய்த்தான் வாங்கவேண்டும், அதற்குள் அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியிருப்பார். எனவே முதல் பில்லிலேயே பாருங்கள். கட்டடக்கலைஞர் கட்டணமும் தனியாக வாடகைக்கு எடுத்த சாரமும் இதில் சேராது. சாரத்தை வேலையோடு சேர்த்து ஒப்பந்தக்காரரே கொண்டுவந்தால் சேரும், எங்கள் இரண்டாம் சாரம் இன்னும் வலிப்பது இதனால்தான். ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும், வேலை முடிந்து 6 மாதத்துக்குள். ஒட்டியுள்ள காவலர் வீட்டில் யாராவது குடியிருந்திருந்தால் அந்தப் பகுதிக்குக் கணக்கு வேறு, வாங்கும் முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். பில் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அந்த டின்னை ஈரம் வராத இடத்தில் வையுங்கள். முதல் வருடம் எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது, பிரசங்க பீடத்துக்குள்.